பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தவர்: ஸ்டீவ் கெர் பற்றி எங்கள் பிள்ளைகள் கேட்கும் கேள்விகள்

ஹட்டனுக்குக் கிட்ட, தேயிலை மலைகளுக்கு நடுவில் இருக்கும் ஒரு பாடசாலை மைதானத்தில் சனிக்கிழமை தோறும் கூடைப்பந்து பழக்குகிறேன். மைதானம் என்றால் ஒரு ரிங், அரைக் கோர்ட் அளவுக்குச் சிமெந்து, மீதி புல். பிள்ளைகளில் பாதிப் பேர் பக்கத்துத் தோட்டங்களில் இருந்து நடந்தே வருகிறார்கள். தண்ணீர் குடிக்கும் இடைவேளையில் நான் அடிக்கடி இழுப்பது ஸ்டீவ் கெர்ரின் கதை. முதலில் ஆட்டக்காரர், பிறகு பயிற்சியாளர். இரண்டு இடத்திலும் கிண்ணம் வென்றவர். அவரைப் பற்றிப் பிள்ளைகள் கேட்டதையும், கேட்டுக்கு வெளியே நிற்கும் அம்மா அப்பாமார் கேட்டதையும் சேர்த்து இங்கே எழுதி வைக்கிறேன். அடுத்த முறை யாராவது கேட்டால் இதைக் காட்டிவிடலாம்.

சேர், ஜோர்டன் இருக்கிறார், கறி இருக்கிறார். ஏன் எப்போதும் இந்த ஆளைப் பற்றியே பேசுகிறீர்கள்?

(அமெரிக்கக் கூடைப்பந்து நட்சத்திரம் ஸ்டெஃபன் கறியின் பெயரைச் சொன்னதும் ஒரு சிரிப்பு வரும். "மீன் கறியா சேர், பருப்புக் கறியா" என்று யாராவது கேட்காத சனிக்கிழமை இல்லை.)

மைக்கல் ஜோர்டனைப் போல் பாய உங்களில் யாராலும் முடியாது, என்னாலும் முடியாது. அவரைப் பார்த்து ரசிக்கலாம், அவ்வளவுதான். கெர் வேறு மாதிரி. அவரிடம் இருந்தது ஒரே ஒரு பெரிய திறமை: தூரத்தில் நின்று ஷூட் பண்ணுவது. மற்ற நேரமெல்லாம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அமெரிக்காவின் என்பிஏ லீக்கில் 910 ஆட்டங்கள் ஆடியவர் அவர். தொடக்க ஐந்து பேரில் ஒருவராக இறங்கியது வெறும் 30 ஆட்டங்களில். சராசரி, ஆட்டத்துக்கு 6 புள்ளி. இப்படி ஒருவர் ஆட்டக்காரராக ஐந்து கிண்ணமும் பயிற்சியாளராக நான்கு கிண்ணமும் வென்றிருக்கிறார் என்றால் அவர் கதையில் நமக்கு எடுக்க ஏதோ இருக்கிறது.

அவர் எந்த ஊர்? அமெரிக்கரா?

அமெரிக்கர்தான். பிறந்தது லெபனானின் பெய்ரூட் நகரில், 1965 செப்டெம்பர் 27. அப்பா மல்கம் கெர் மத்திய கிழக்கு அரசியலைப் படித்த பேராசிரியர். அதனால் மகனின் சிறுவயதில் ஒரு பகுதி அரபு நாடுகளில் கழிந்தது. 1982இல் அப்பா பெய்ரூட் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் தலைவரானார். உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த காலம். 1984 ஜனவரி 18ஆம் திகதி, அவருடைய அலுவலகத்துக்கு வெளியிலேயே சுட்டுக் கொன்றுவிட்டார்கள்.

மகனுக்கு அப்போது 18 வயது. அரிசோனா பல்கலைக்கழகத்தில் முதலாம் வருட மாணவன். செய்தி வந்து இரண்டு நாளில் அவர்களுக்கு ஒரு மெட்ச் இருந்தது. அதில் அவர் ஆடினார்.

இந்தக் கதைக்கு ஒரு பின்பகுதி உண்டு. நான்கு வருடம் கழித்து, 1988இல், பக்கத்துப் பல்கலைக்கழகத்துக்குப் போய் ஆட வேண்டியிருந்தது. ஆட்டம் தொடங்குமுன் பந்து போட்டுப் பழகிக்கொண்டிருந்தபோது, எதிரணி ரசிகர் சிலர் அவருடைய அப்பாவின் சாவை வைத்தே கத்தினார்கள். "பெய்ரூட்டுக்குத் திரும்பிப் போ" என்றும் கேட்டது. அவர் போய் பெஞ்சில் உட்கார்ந்து அழுதார். அப்புறம் இறங்கினார். முதல் பாதியில் தூரத்தில் நின்று எறிந்த ஆறு பந்தும் விழுந்தன. ஆறுக்கு ஆறு.

எங்கள் பிள்ளைகளுக்கு இதை ஏன் சொல்கிறேன் என்று பெரியவர்களுக்கு விளங்கும். நான் மாணவனாக இருந்தபோது ஒரு நகரத்துப் பாடசாலைக்கு ஆடப் போனோம். வேலி ஓரத்தில் நின்ற பையன்கள் எங்களைப் பார்த்து "தோட்டக்காட்டான்" என்று கூச்சல் போட்டார்கள். எங்களுக்கு ஆறுக்கு ஆறு விழவில்லை. 20 புள்ளியால் தோற்று, பஸ்ஸில் ஒருவரோடு ஒருவர் பேசாமல் திரும்பி வந்தோம். கெர் கதையைக் கேட்டதும் எங்கள் டீமில் ஒரு சின்னவன், "அவங்க அன்னைக்கு ஜெயிச்சாங்களா சேர்?" என்றான். ஜெயித்தார்கள் என்றேன். அது போதும் அவனுக்கு.

அவருக்கு எவ்வளவு உயரம்? உயரம் இல்லாமல் ஆட முடியுமா?

6 அடி 3 அங்குலம், அதாவது 191 சென்டிமீட்டர். நம் ஊரில் இப்படி ஒருவர் நடந்து போனால் கடைக்காரர்கள் எட்டிப் பார்ப்பார்கள். என்பிஏயில் அது குட்டை. வேகமும் குறைவு, குதிப்பும் குறைவு. 1988இல் அணிகள் புது ஆட்டக்காரரைத் தெரிவு செய்தபோது அவருடைய பெயர் 50ஆவதாகத்தான் வந்தது. அதற்கு முன்னரே ஒரு முழங்கால் போயிருந்தது. 1986இல் ஸ்பெயினில் நடந்த உலகக் கிண்ணத்தில் அமெரிக்காவுக்காக ஆடும்போது தசைநார் அறுந்து, ஒரு சீசன் முழுக்க வெளியே உட்கார வேண்டி வந்தது. அந்தக் கிண்ணத்தை அமெரிக்கா வென்றது.

உங்கள் கேள்விக்கு நேரான பதில்: இந்த மலையில் நடக்கும் மெட்சுகளுக்கு 5 அடி 4 அங்குலம் தாராளம். உயரமாய் வளர்த்துக்கொள்ள வழி இல்லை. இடது கையால் பந்து தட்டிப் பழக வழி இருக்கிறது.

அவர் எப்போதாவது சொதப்பியிருக்கிறாரா?

பல்கலைக்கழகத்தில் கடைசி வருடம், அந்த சீசனில் எறிந்த மூன்று புள்ளிப் பந்துகளில் (தூரக் கோட்டுக்கு வெளியே நின்று போட்டால் மூன்று புள்ளி) 57.3 சதவீதத்தை உள்ளே போட்டவர். ஆனால் நாடளாவிய போட்டியின் அரையிறுதியில், ஒக்லஹோமாவுக்கு எதிராக, 13 தடவை எறிந்து 2 மட்டும் விழுந்தது. அணி தோற்று வெளியேறியது. அந்த ஆட்டம் பல வருடம் மனதை விட்டுப் போகவில்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். ஷூட் பண்ணுகிறவனுக்கு இது விதி. நன்றாகப் போடுகிறவனுக்கும் ஒரு நாள் ரிங் மூடிக்கொள்ளும்.

எந்த எந்த அணிகளில் ஆடினார்?

பீனிக்ஸ், கிளீவ்லண்ட், ஒர்லாண்டோ, சிக்காகோ, சான் அந்தோனியோ, போர்ட்லண்ட், கடைசியில் மறுபடி சான் அந்தோனியோ. 1988 தொடக்கம் 2003 வரை 15 சீசன். 1996, 97, 98இல் சிக்காகோவோடு கிண்ணம். 1999இல் சான் அந்தோனியோவோடு. ஆக நான்கு வருடம் தொடர்ந்து. பிறகு 2003இல் ஒன்று, அதோடு ஓய்வு.

மூன்று புள்ளி எறியில் அவரை விடக் கெட்டிக்காரர் இல்லையா?

வாழ்நாள் சதவீதத்தில் இல்லை. 45.4 சதவீதம், என்பிஏ வரலாற்றில் முதலிடம். 1994-95 சீசனில் 52.4 சதவீதம் போட்டார். நியாயமாகப் பேசினால், அந்த சீசனில் இருந்து மூன்று வருடம் மூன்று புள்ளிக் கோட்டை 22 அடிக்குக் கிட்டக் கொண்டு வந்திருந்தார்கள். அது அவருக்கு உதவியிருக்கும். அத்தோடு, கறி ஓர் ஆட்டத்தில் எறிகிற எண்ணிக்கையில் ஐந்தில் ஒரு பங்கைத்தான் கெர் எறிந்தார். காவல் இல்லாமல் நிற்கும்போது மட்டும் எறிந்தார். அது குறை என்று சிலர் சொல்வார்கள். எப்போது எறியக்கூடாது என்று தெரிந்திருப்பதும் ஒரு வித்தைதான் என்பேன் நான். எங்கள் பையன்களுக்கு இந்த ஒன்று மட்டும் மண்டையில் ஏறுவதே இல்லை.

ஜோர்டன் அவரை அடித்தாராமே?

ஆமாம், உண்மைதான். எல்லாருக்கும் இந்தக் கதை மட்டும் நன்றாகப் பிடிக்கும்.

1995இல், சிக்காகோவில் கெர்ரோடு ஒரே அணியில் இருந்த ஜோர்டன் பேஸ்போலை விட்டுவிட்டுத் திரும்பி வந்து, அந்த வருடம் ஒர்லாண்டோவிடம் தோற்று, அடுத்த சீசனுக்கான பயிற்சியில் கடுகடுப்பாக இருந்தார். கெர்ரோடு வாய்ச்சண்டை, அப்புறம் தள்ளுமுள்ளு, கெர் நெஞ்சில் ஒரு தள்ளு கொடுக்க, ஜோர்டன் கண்ணில் ஒரு குத்து. அன்றே ஜோர்டன் தொலைபேசியில் மன்னிப்புக் கேட்டார். எதிர்த்து நின்றதால் மரியாதை கூடியது என்று இருவருமே பிற்காலத்தில் சொன்னார்கள்.

பிரக்டிஸில் அடித்துக்கொண்டால் நட்பு வரும் என்று இதற்கு அர்த்தம் இல்லை. இந்தக் கதையைச் சொன்ன அடுத்த சனிக்கிழமையே இரண்டு பேர் பரிசோதனை செய்து பார்த்தார்கள். இருவரையும் கோர்ட்டைக் கூட்ட வைத்தேன்.

1997இல் போட்ட அந்தப் பந்தைப் பற்றிச் சொல்லுங்கள்.

இதை நான் கோர்ட்டில் கல் வைத்துக் காட்டுவேன். எழுத்தில் முயற்சி செய்கிறேன்.

இறுதிச் சுற்று, ஆறாவது ஆட்டம், சிக்காகோவுக்கும் யூட்டாவுக்கும். சிக்காகோ மூன்று ஆட்டம் வென்றுவிட்டது. இன்னொன்று வென்றால் கிண்ணம். ஸ்கோர் 86-86, அரை நிமிடத்துக்கும் குறைவு. டைம் அவுட். பந்து ஜோர்டன் கைக்குத்தான் போகும் என்பது அரங்கில் எல்லாருக்கும் தெரியும். எதிரணிக்கும் தெரியும். ஜோர்டன் பெஞ்சில் உட்கார்ந்தபடி கெர்ரைப் பார்த்து, உன்னைக் காக்கிற ஸ்டொக்டன் உன்னை விட்டுவிட்டு என் மேல் வருவான், தயாராய் இரு என்கிறார். தயாராய் இருப்பேன் என்கிறார் கெர்.

அப்படியே நடந்தது. ஜோர்டன் பந்தோடு இடப்பக்கம் போக, ஸ்டொக்டன் ஓடி வர, நடுவில் ஓர் இடைவெளி. கெர் அந்த இடைவெளிக்குள் வந்து பந்தை வாங்கி எறிந்தார். ஏறக்குறைய 17 அடி. மூன்று புள்ளிக் கோட்டுக்கு உள்ளே, இரண்டு புள்ளிதான். மிச்சம் ஐந்து விநாடி. பிறகு யூட்டா கோட்டுக்கு வெளியே இருந்து ஆட்டத்துக்குள் எறிந்த பந்தையும் சிக்காகோவின் பிப்பன் தட்டிவிட, அதே அணியின் குக்கொச் போய்க் கூடைக்குள் அமுக்க, 90-86.

இதில் பிள்ளைகளைக் கவனிக்கச் சொல்வது எறிந்ததை இல்லை. பந்து கைக்கு வருமுன் அவர் கால் எங்கே இருந்தது என்பதைத்தான். ஜோர்டனுக்கு இரண்டாவது ஆள் போகிறான் என்று தெரிந்த கணமே, யாரும் இல்லாத இடத்துக்குக் கெர்ரின் கால் போய்விட்டது.

வயதான பிறகும் அப்படி ஏதாவது செய்தாரா?

2003இல், 37 வயதில். அரையிறுதிச் சுற்றில் டல்லஸுக்கு எதிரான ஆறாவது ஆட்டம். சான் அந்தோனியோவின் இளம் ஆட்டக்காரர் டோனி பார்க்கருக்கு வயிற்றுக் கோளாறு. அந்தச் சுற்றுகளில் பெரும்பாலும் உட்கார்ந்தே இருந்த கெர்ரைப் பின்பாதியில் இறக்கினார்கள். எறிந்த நான்கு மூன்று புள்ளியும் விழுந்தன. பின்தங்கி நின்ற அணி வென்று இறுதிக்குப் போனது. அவருக்கு அந்த சீசன்தான் கடைசி.

ஆட்டத்தை விட்டதும் நேரே பயிற்சியாளர் ஆகிவிட்டாரா?

இல்லை. 11 வருட இடைவெளி. முதலில் தொலைக்காட்சியில் வர்ணனையாளர். 2007 தொடக்கம் 2010 வரை பீனிக்ஸ் அணியின் பொது முகாமையாளர். அங்கே ஷகீல் ஓ'நீலைக் கொண்டு வந்தார். வேகமாக ஓடி ஆடிய அணிக்குள் ஒரு மலையைக் கொண்டு வந்து வைத்ததுபோல் ஆயிற்று. நிறையத் திட்டு வாங்கினார். பிறகு மறுபடி வர்ணனை.

இந்த இடைவெளி வீண்போன காலம் என்று நான் நினைக்கவில்லை. வர்ணனையாளர் வேலை என்ன? ஒவ்வொரு வாரமும் ஒவ்வொரு அணியின் பயிற்சியையும் பக்கத்தில் நின்று பார்ப்பது, பயிற்சியாளரோடு பேசுவது. பயிற்சியாளரானால் தான் என்ன செய்வேன் என்பதையும் எழுதி வைத்துக்கொண்டார். 2014இல், எந்த அணிக்கும் அதுவரை பயிற்சி கொடுக்காத ஆள், நேரே கலிஃபோர்னியாவின் கோல்டன் ஸ்டேட் அணிக்குத் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். பழைய குரு பில் ஜக்சன் நியூயோர்க்குக்குக் கூப்பிட்டிருந்தார். கெர் கலிஃபோர்னியாவைத் தேர்ந்தெடுத்தார். நல்ல தேர்வுதான்.

பயிற்சியாளராக என்ன மாற்றினார்?

நான் மிக நேரம் எடுத்துப் பேசும் கேள்வி இது.

அவருக்கு முந்திய பயிற்சியாளரின் காலத்தில் அந்த அணி ஒன்றும் மோசம் இல்லை. 51 ஆட்டம் வென்ற அணி. ஆனால் லீக்கிலேயே மிகக் குறைவாகப் பந்தைப் பாஸ் பண்ணும் அணியாக இருந்தது. கெர் வந்ததும் ஆட்டத்துக்கு 300 பாஸ் என்று இலக்கு வைத்தார். பந்து எல்லார் கையையும் தொட்டால் எல்லாரும் காவலிலும் உழைப்பார்கள் என்பது கணக்கு. சிக்காகோவில் பில் ஜக்சனிடம் பார்த்த முக்கோண ஆட்டத்தில் (மூவர் முக்கோணமாய் நின்று பந்தை மாற்றிக்கொள்வது) கொஞ்சம், சான் அந்தோனியோவில் கிரெக் பொப்போவிச்சிடம் பார்த்ததில் கொஞ்சம் எடுத்துக் கலந்தார். முதல் வருடமே 67 வெற்றி, 15 தோல்வி, கிண்ணம். அந்த அணிக்கு 40 வருடத்துக்குப் பிறகு கிடைத்த கிண்ணம்.

அதோடு ஒரு கஷ்டமான காரியம் செய்தார். ஆந்ரே இகுடாலா பெரிய ஆட்டக்காரர், அதற்கு முன் ஆடிய ஆட்டம் எல்லாவற்றிலும் தொடக்க ஐவரில் இறங்கியவர். அவரைக் கூப்பிட்டு, நீ பெஞ்சில் இருந்து வரவேண்டும் என்றார். இதைச் சொல்லப் பெஞ்சில் இருந்தவனுக்குத்தான் வாய் வரும். அந்த சீசனில், இறுதிச் சுற்று வரும்வரை, இகுடாலா ஒரு ஆட்டத்திலும் தொடக்கத்தில் இறங்கவில்லை.

சரி, இறுதிச் சுற்றுக்கு வருவோம். லெப்ரோன் ஜேம்ஸின் கிளீவ்லண்ட் 2-1 என்று முன்னுக்கு நிற்கிறது. நிக் யூரன் என்று 28 வயது உதவியாளர். பந்து தட்டுகிற வேலை இல்லை அவருக்கு, வீடியோ பார்ப்பது, சின்னச் சின்ன ஏற்பாடு செய்வது. இரவில் முந்திய வருட இறுதிச் சுற்றுப் பதிவைப் பார்த்துக்கொண்டிருந்தவர், சான் அந்தோனியோ எப்படித் தன் தொடக்க ஐவரை நடுவில் மாற்றியது என்று கவனிக்கிறார். உயரமான போகட்டை உட்கார வைத்து இகுடாலாவை முதலிலேயே இறக்கினால் என்ன? அதிகாலை மூன்று மணிக்கு மேலதிகாரிக்குச் செய்தி அனுப்புகிறார். கெர் ஏற்றுக்கொண்டார். அதுவரை மாற்றம் இல்லை என்று பத்திரிகையாளரிடம் பொய்யும் சொன்னார், அதைப் பிறகு ஒத்துக்கொண்டார். அடுத்த மூன்று ஆட்டமும் வெற்றி. இறுதிச் சுற்றின் சிறந்த ஆட்டக்காரர் விருது இகுடாலாவுக்கு. யோசனை யாருடையது என்று கேட்டபோது அந்தப் பையனின் பெயரைக் கெர் வெளிப்படையாகச் சொன்னார்.

எனக்கு இந்தக் கடைசி வரிதான் முக்கியம். நான் ஆடிய காலத்தில் எங்களுக்குப் பயிற்சி தந்த ஒருவரிடம் வாய் திறந்தால் மைதானத்தைச் சுற்றி மூன்று ஓட்டம் கிடைக்கும்.

ஆட்டக்காரர்களையே பயிற்சி கொடுக்க விட்டாராமே?

2018 பெப்ரவரியில், பீனிக்ஸோடு நடந்த ஆட்டத்தில். என் குரலைக் கேட்டுக் கேட்டு இவர்களுக்குச் சலித்துவிட்டது என்று நினைத்து, டைம் அவுட்டுகளில் பலகையை ஆட்டக்காரர் கையில் கொடுத்துவிட்டார். அவர்களே கோடு கீறிப் பேசினார்கள். 129-83 என்று வென்றார்கள். எதிரணியை அவமதித்ததாகச் சிலர் கோபப்பட்டார்கள். இல்லை, எங்கள் பிள்ளைகளுக்காகச் செய்தது என்பதுபோல் அவர் விளக்கினார்.

நானும் செய்து பார்த்தேன். பெஞ்சில் இருக்கும் பிள்ளைகளிடம் ஒரு சி.ஆர். கொப்பியும் பேனையும் கொடுத்து, நம் டீம் எத்தனை பாஸ் பண்ணுகிறது என்று கோடு போடச் சொன்னேன். முதலில் சலித்துக்கொண்டார்கள். இரண்டாவது மெட்சில் ஒரு தங்கச்சி கொப்பியோடு ஓடி வந்து, "சேர், அந்த ஏழாம் நம்பர் அக்கா வலது பக்கம் மட்டும்தான் போறாங்க. இடது பக்கம் ஒரு தடவை கூடப் போகல" என்றாள். நான் கவனிக்கவில்லை. வலது பக்கத்தை அடைத்தோம். அந்த மெட்ச் எங்களுக்கு. அவள் அன்று ஒரு நிமிடம் கூட ஆடவில்லை.

பயிற்சியாளரான பிறகு தோல்வியே இல்லையா?

நிறைய. 2015-16இல் 73 வெற்றி, 9 தோல்வி. அதற்கு முந்திய சாதனை 72-10, அது கெர் ஆட்டக்காரராக இருந்த சிக்காகோ அணியுடையது. தன் சாதனையைத் தானே முறியடித்தார் என்றும் சொல்லலாம். முதுகு அறுவைச் சிகிச்சை சரிவராமல், முதல் 43 ஆட்டத்துக்கு அவர் வரவே இல்லை. உதவியாளர் லூக் வோல்டன்தான் பார்த்துக்கொண்டார், 39 வெற்றி. இவ்வளவும் செய்து, இறுதிச் சுற்றில் 3-1 என்று முன்னால் நின்று, கிளீவ்லண்டிடம் 4-3 என்று கிண்ணத்தைக் கொடுத்தார்கள்.

2017, 2018இல் மறுபடி கிண்ணம். 2019-20இல் காயங்களால் அணி சிதைந்து 15 வெற்றி, 50 தோல்வி, லீக்கிலேயே கடைசி. அதே அணி 2022இல் கிண்ணம் எடுத்தது. 2023இல் அமெரிக்க தேசிய அணியோடு உலகக் கிண்ணத்துக்குப் போய் நான்காம் இடம். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பிரான்ஸை 98-87 என்று வென்று தங்கம்.

பெரிய ஆட்டக்காரராய் இருந்தால்தான் பெரிய பயிற்சியாளர் ஆக முடியுமா?

கணக்கு அப்படிச் சொல்லவில்லை. மேஜிக் ஜோன்சனை விடப் பெரிய ஆட்டக்காரரைத் தேடிப் பிடிக்க வேண்டும். 1994இல் தன் பழைய அணிக்கே பயிற்சியாளராகி, 16 ஆட்டத்தில் 5 வென்று, விட்டுவிட்டுப் போனார். பில் ஜக்சன் நியூயோர்க்கில் பெஞ்சில் இருந்து வந்தவர். பயிற்சியாளராக 11 கிண்ணம். பொப்போவிச் என்பிஏயில் ஆடியதே இல்லை. மறுபக்கம் பில் ரசல், ஆடிக்கொண்டே பயிற்சியும் கொடுத்து 1968, 1969இல் கிண்ணம் எடுத்தார். ஆக இதற்குச் சட்டம் இல்லை.

நம் முரளியையே எடுங்கள். கண்டியில் பிறந்த முத்தையா முரளிதரன் கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில் முதலில் மிதவேகப் பந்துதான் போட்டார். சுழற்பந்து போட்டுப் பார் என்றவர் அங்கே பயிற்சி தந்த சுனில் பெர்னாண்டோ. பையனுக்கு அப்போது 14 வயது. அந்த ஒரு வார்த்தையில் இருந்து 800 டெஸ்ட் விக்கெட் வந்தது. அந்தப் பயிற்சியாளரின் பெயர் எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறது? முரளியே பின்னர் ஐபிஎல்லில் ஹைதராபாத் அணிக்குப் பந்துவீச்சுப் பயிற்சி கொடுக்கப் போனார். அவருடைய மணிக்கட்டை யாருக்கும் கற்றுக்கொடுக்க முடியாது. அதுதான் மகா ஆட்டக்காரர்களுக்கு உள்ள பிரச்சினை. தானாக வந்ததை எப்படி விளக்குவது? கஷ்டப்பட்டு வந்தவனுக்கு வழி முழுக்க ஞாபகம் இருக்கும்.

என் மகள் வலைப்பந்து ஆடுகிறாள். இதற்கு வரலாமா? பெண்கள் பயிற்சியாளர் ஆக முடியுமா?

கட்டாயம் அனுப்புங்கள் அக்கா. இரண்டு ஆட்டத்துக்கும் ரிங்கின் உயரம் ஒன்றுதான், 3.05 மீட்டர். வலைப்பந்து ரிங் 38 சென்டிமீட்டர் அகலம், கூடைப்பந்து ரிங் 45. அந்தச் சின்ன வட்டத்தில், பின்னால் பலகையும் இல்லாமல் போட்டுப் பழகியவளுக்கு இது குளத்தில் கல் போடுவதுபோல். முதல் மாதம் அவளுக்குக் கஷ்டம் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடுவது மட்டும்தான். யாழ்ப்பாணத்துத் தர்ஜினி சிவலிங்கம் இலங்கைக்கு 2009இலும் 2018இலும் ஆசிய வலைப்பந்துக் கிண்ணம் வாங்கிக்கொடுத்த அணிகளில் இருந்தவர். அவர் படத்தை எங்கள் பெண் பிள்ளைகள் கொப்பி அட்டையில் ஒட்டி வைத்திருக்கிறார்கள்.

இரண்டாவது கேள்விக்குப் பதில், அமெரிக்கப் பெண்கள் லீக்கில் ஆடிய பெக்கி ஹமன். 1999இல் எந்த அணியும் அவரைத் தெரிவு செய்யவில்லை. தானாகப் போய் இடம் பிடித்து நட்சத்திரமானார். 2014இல் பொப்போவிச் அவரை ஆண்கள் அணிக்கு உதவிப் பயிற்சியாளர் ஆக்கினார். 2020 டிசம்பர் 30, நடுவர் பொப்போவிச்சை வெளியே அனுப்ப, மிச்ச ஆட்டத்தை ஹமன் நடத்தினார். என்பிஏயில் அப்படி நடத்திய முதல் பெண். பிறகு லாஸ் வேகஸ் பெண்கள் அணிக்குத் தலைமை தாங்கி, முதல் இரண்டு சீசனிலும், 2022இலும் 2023இலும், கிண்ணம்.

எங்கள் தோட்டத்தில் கோர்ட் இல்லை. எப்படிப் பழகுவது?

பெரட்டுக்களம் இருக்கிறதா? மாலையில் ஆள் இல்லாத நேரம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சிமெந்தாய் இருந்தால் போதும், பந்து தட்டலாம். சரிவான இடத்தில் தட்டிப் பழகினால் கெட்ட பழக்கம் வரும் என்பார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. மேட்டுப் பக்கம் தட்டிக்கொண்டு ஏறிப் பாருங்கள், கை எவ்வளவு கீழே இருக்க வேண்டும் என்று தானாகத் தெரியும். பந்து கீழே உருண்டு போனால் தேயிலைக்குள் அட்டைக்கடி வாங்கித்தான் எடுக்க வேண்டும். அதனாலேயே கை கவனமாகிவிடும்.

ரிங்கை நாங்களே வெல்டிங் கடையில் செய்வித்தோம். உள் அகலம் 45 சென்டிமீட்டர் என்று எழுதிக் கொடுத்தும், முதல் தடவை வாளி வாய் அளவில் செய்து தந்தார்கள். நிலத்தில் இருந்து 10 அடி உயரம். சின்னப் பிள்ளைகளுக்கு எட்டு, எட்டரை அடியில் கட்டுங்கள். 10 அடிக்குத் தோளைத் திருகி எறியப் பழகினால் பின்னால் திருத்த முடியாது.

பந்து: ஆண் பிள்ளைகளுக்கு 7ஆம் அளவு, பெண் பிள்ளைகளுக்கு 6, 12 வயதுக்குக் கீழே என்றால் 5. கரடுமுரடான சிமெந்துக்கு றப்பர் பந்தே நல்லது. தோல் பந்து ஒரு மழைக்காலம் தாங்காது. காலையில் பந்து தொய்ந்து கிடந்தால் ஓட்டை என்று நினைக்காதீர்கள். இங்கே 1,200 மீட்டருக்கு மேலே இருக்கிறோம், இரவுக் குளிரில் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். வெயில் ஏறினால் சரியாகும். மே தொடக்கம் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவ மழை விடாது. அந்த மாதங்களில் நனைந்த சிமெந்தில் ஓட வேண்டாம், சப்பாத்து வழுக்கி மணிக்கட்டு உடைத்த இருவரை எனக்குத் தெரியும். வீட்டுக்குள்ளே படுத்தபடி கூரைப் பக்கம் பந்தை எறிந்து பிடியுங்கள். விரல் நுனியில் இருந்து நேராகப் போய் நேராக வந்தால் எறி சரி. பக்கத்துக் காம்பராவில் சத்தம் கேட்டால் சரியில்லை.

இதில் சம்பளம் கிடைக்குமா? இங்கே பயிற்சியாளர் ஆவது எப்படி?

ஒளிக்காமல் சொல்கிறேன். கெர்ரைப் போல் ஆடி மட்டும் பிழைக்கும் லீக் இலங்கையில் இல்லை. நன்றாக ஆடுகிறவர்களை முப்படை அணிகள் எடுக்கும், கொழும்பில் வர்த்தக நிறுவனங்களின் அணிகள் எடுக்கும். அங்கே வேலையும் ஆட்டமும் சேர்ந்து வரும். நானும் அப்படி ஒரு நிறுவனத்தில் ஆறு வருடம் கணக்குப் பிரிவில் இருந்துகொண்டு ஆடினேன். பயிற்சியாளராவதற்கு இங்கே இருந்து போகிற பிள்ளைக்கு உறுதியான வழி, உயர்தரம் சித்தியடைந்து ஆசிரியர் பயிற்சிக்குப் போவது. பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. ஆசிரியராக இருந்துகொண்டு பயிற்சியாளர், நடுவர் பாடநெறிகளைச் செய்யலாம். அதிலும் நடுவர் வேலையை முதலில் பழகுங்கள். விசில் கையில் இருக்கும்போது ஆட்டம் முழுக்க வேறு மாதிரித் தெரியும்.

சேர், நீங்கள் ஏன் ஆடுவதை விட்டீர்கள்?

முழங்கால். கெர்ருக்குப் போன அதே தசைநார்தான். அவருக்கு நல்ல வைத்தியர் கிடைத்தார். எனக்கு எண்ணெய் போட்டு உருவிவிட்ட மாமா கிடைத்தார். அந்த வருடம் டீமோடு எல்லா மெட்சுக்கும் போய் உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த பிரக்டிஸ் எப்போது?

சனிக்கிழமை காலை ஏழரை. மழை என்றால் மண்டபத்தில், வெறும் பாஸ் மட்டும். போன வாரம் 6ஆம் அளவுப் பந்தை வீட்டுக்குக் கொண்டு போனவர் மறக்காமல் எடுத்து வரவும். பாஸ் எண்ணும் கொப்பி முடிந்துவிட்டது, யாரிடமாவது பாதி எழுதிய கொப்பி இருந்தால் அதையும்.